அடையாளம் காட்டுபவரின் கையெழுத்து

எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு வேலைதான். உயிரோடு இருப்பவர்கள் வருவார்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று நாங்கள் எழுதிக் கொடுப்போம். ஓய்வூதியம் வாங்குகிற எவரும் வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கவுன்ட்டருக்கு நேரில் வந்து, தாம் இன்னும் போய்ச் சேரவில்லை என்று நிரூபித்தாக வேண்டும். எதிரே உட்கார்ந்து இருமினால் மட்டும் போதாது. படிவம் வேண்டும். அதில் பதினான்கு கேள்விகள். பதினோராவது கேள்வி: "துணைவர் உயிருடன் உள்ளாரா?" பக்கத்திலேயே பொடி எழுத்தில் எங்களுக்கு ஓர் எச்சரிக்கை: "விண்ணப்பதாரர் சொல்வதை மட்டும் எழுதவும். அலுவலர் தம் சொந்தக் கருத்தை எழுதக் கூடாது." கடைசியில் பக்கத்துக் கவுன்ட்டர்காரர் படித்துப் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்த்து என்பது ஒரு பேச்சுக்கு. பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு படிவத்தைக்கூடப் படித்ததில்லை.

நான் நான்காவது கவுன்ட்டர். ஐந்தாவதில் அக்கா. கூடப் பிறந்த அக்கா இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தன் சாப்பாட்டில் பாதியைப் பிரித்துக் கொடுத்ததால் அக்கா. எங்களுக்கு நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. படிவங்கள் அதன் வழியாகத்தான் போய்வரும்.

பதினோராவது கேள்விக்குச் சிலர் பதில் சொல்ல மாட்டார்கள். நாங்கள் எல்லாரும் "இருக்காங்களா இல்லையா, சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்போம். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அவர்கள் சொல்கிற வரைக்கும் காத்திருப்பார். அதனாலேயே ஐந்தாவது கவுன்ட்டரில் வரிசை வாசல் வரைக்கும் நீளும்.

அக்காவின் இமைகள் பிறவியிலேயே தொங்கியவை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வியாபாரம் நடத்துகிற கடை போல இருக்கும் முகம். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தானாம். எனக்கு நேர்மாறு. முட்டைக்கண். அலுவலகத்தில் பெயரே முட்டைக்கண்ணன். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தபடியே தூங்குவது பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குக் கைவந்த கலை. இந்த இரண்டு ஜோடிக் கண்களையும் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் இவைதான் காரணம் என்று கோப்பில் இருக்கிறது.

ஒரு நாள் ஒவ்வொரு கவுன்ட்டர் மேலும் ஒரு கருவியை மாட்டினார்கள். "பணி விழிப்புக் கண்காணிப்புத் திட்டம்" என்பது அதன் பெயர். நாங்கள் கோட்டான் என்றோம். எங்கள் கண் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அது நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார்.

"தூங்கற ஊழியர் ஒருத்தர்கூட இல்லாத அலுவலகம். இது என்னோட கனவு. போன மாசம் தலைமையகத்துல ஒரு கூட்டம். மூணு மணி நேரம். அப்பத்தான் எனக்கு இந்தக் கனவு வந்துச்சு."

எல்லோரும் கைதட்டினோம்.

மாதக் கடைசியில் முடிவுகள் ஒட்டப்பட்டன. எனக்கு விழிப்பு நூற்றுக்கு நூறு. "விழிப்பு நட்சத்திரம்" என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கிடைத்தது. அக்கா அந்த மாதம் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சான்று கொடுத்திருந்தார். வரிசை முடியாமல் அவர் வீட்டுக்குக் கிளம்புவதில்லை என்பதால் அலுவலகத்திலேயே அதுதான் அதிகம். கோட்டான் கணக்கில் அத்தனையும் தூக்கத்தில் கொடுத்தவை.

இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். நட்சத்திர ஊழியர் என்ற முறையில் நானும் சாட்சியாக நின்றேன்.

"நீங்க தூங்கறீங்கன்னு நான் சொல்லலம்மா. மெஷின் சொல்லுது. மெஷின் சொல்றத நான் மறுக்கல, அவ்வளவுதான்."

"சார், நானூத்திப் பன்னெண்டு பேரைப் பாத்திருக்கேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். தூக்கத்துலயே நானூத்திப் பன்னெண்டுன்னா, முழிச்சிருந்தா எவ்வளவு பாத்திருப்பீங்க? அலுவலகத்துக்கு எவ்வளவு இழப்பு, யோசிச்சுப் பாருங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். சட்டையில் வில்லை இருந்தது.

இதற்குள் கோட்டானுக்கு இன்னொரு கண்ணையும் வைத்துவிட்டார்கள், எதிரே உட்காருகிறவர்களைப் பார்க்க. வயதானால் யாருக்குத்தான் இமை தொங்காது? வருகிறவர்களில் பாதிப் பேருக்கு "கண் திறக்கப்படவில்லை: உயிர் ஐயத்துக்குரியது" என்று சீட்டு வந்தது. ஒரு பெரியவர் பார்சல் ஒட்டுகிற டேப்பால் இரண்டு இமைகளையும் நெற்றியோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு உடனே சான்று கிடைத்தது. அடுத்த நாள் அக்காவும் டேப் ஒட்டிக்கொண்டு வந்தார். பத்தரை மணிக்கு வேர்வையில் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. "போலி விழிப்பு" என்று கோப்பில் ஏற்றினார்கள். தொண்ணூறு நாளைக்குள் கண்ணைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கிற பழைய ஆவணக் கிடங்குக்கு மாற்றம் என்று கடிதம் வந்தது.

அக்கா அழுதது அன்றைக்குத்தான். காரணம் கிடங்கு இல்லை, மாமா.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். அடையாள அட்டை அலுவலகத்தில் போட்டோ எடுத்தவர். முப்பத்தோரு வருடம் "கண்ணைத் திறங்க, நல்லாத் திறங்க" என்று ஊரையே அதட்டியவர். பத்தொன்பது வயதில் அட்டைக்குப் படம் எடுக்கப் போன அக்காவை ஏழு தடவை எடுத்தாராம். ஏழிலும் பாதிக் கண். கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "உனக்கு இவ்வளவுதான் திறக்குமா?" என்று கேட்டாராம். அக்கா தலையை ஆட்டியிருக்கிறார். "சரி, இதுவே போதும்" என்று எட்டாவது படத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "அந்தப் 'போதும்'ல விழுந்தவதான்டா நான்" என்று அக்கா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

மூன்று வருடமாக மாமாவுக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் தெரு மறந்தது. பிறகு தம்பிகள். பிறகு பெற்ற மகன். வெளியூரிலிருந்து மகன் போன் செய்தால் "சொல்லுங்க சார்" என்பார். ஞாபகம் குறையக் குறைய மாமாவிடம் மரியாதை கூடிக்கொண்டே போனது. என்னைத் தினமும் புதிதாகச் சந்தித்து, "உங்களைப் பாத்ததுல ரொம்ப சந்தோஷம்" என்பார். இந்த உலகத்தில் அவர் "நீ" என்று கூப்பிட ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். "ஏய் தூங்குமூஞ்சி, நீ சாப்பிட்டியா?"

எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஊழியர் குடும்பங்களுக்கென்று ஒரு பகல் பராமரிப்பு இல்லம் உண்டு. காலையில் மாமாவை அங்கே விட்டுவிட்டு வருவார் அக்கா. பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் ஓடிப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவார். அந்த முகத்தைப் பார்த்தால்தான் மாமா சாப்பிடுவார். கிடங்குக்குப் போனால் இல்லம் கிடையாது. மாமாவுக்கு அந்த முகமும் கிடையாது.

"கண்ணாஸ்பத்திரியில இமையத் தூக்கி வைக்கறாங்களாம்க்கா. பஸ் ஸ்டாப்புல போர்டு பாத்தேன். ஒரு நாள் வேலைதானாம்" என்று சொன்னவன் நான்தான். வேறு யாரோ சொன்னதாக எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனசு வரவில்லை.

இமைச் சீரமைப்பு நிலையம் ஏழு மாடி. கத்தியை எடுப்பதற்கு முன்னால் அங்கே பாடம் நடத்துகிறார்கள். "முன்பே தெரிந்துகொள்ளுங்கள்" என்று ஒரு புத்தகம், அதில் நூற்றுப் பதினான்கு விஷயங்கள். மூன்று நாள் வகுப்பு, நான்காம் நாள் பரீட்சை. தேறாதவர்களுக்கு அறுவை கிடையாது, மறு வகுப்பு. துணைக்கு வந்த நானும் உட்கார்ந்து படித்தேன். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடரவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. புகைக்கக் கூடாது. தையல் பிரிக்க ஒரு வாரம். வீக்கம் வற்ற மூன்று வாரம். அதுவரை கறுப்புக் கண்ணாடி. தலையை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டும். இவையெல்லாம் நல்ல விஷயங்கள்தான், மறுக்கவில்லை. கடைசி விஷயம்: "வேறு சந்தேகங்களுக்கு 38ஆம் பக்கம் காண்க." 38ஆம் பக்கத்தில் மூக்கைச் சிறிதாக்கும் விளம்பரம் இருந்தது.

வகுப்பெடுத்த ஆலோசகிக்கு அங்கேயே இமையைத் தூக்கிவிட்டிருந்தார்கள். "இது புத்தகம்" என்று சொல்லும்போதும் புத்தகத்தை அப்போதுதான் முதல்முறை பார்ப்பது போல ஆச்சரியமாக இருந்தார்.

முதல் நாள் பார்வைச் சோதனை. பெட்டிக்குள் எங்கெங்கோ மின்னுகிற புள்ளிகளை அக்கா ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். ஆலோசகிக்கு ஏமாற்றம்.

"எல்லாமே தெரியுதுன்னா இது நோய் இல்லீங்க. அழகுக்காகப் பண்றதுன்னுதான் எழுத முடியும்."

அப்படியே எழுதியும் கொடுத்தார்கள். அலுவலகத்தில் நோய் விடுப்பு மறுக்கப்பட்டது. விடுப்பு விண்ணப்பத்தில் "காரணம்: அழகு" என்று அக்கா எழுத வேண்டியிருந்தது. இயக்குநர் அதைப் படித்துவிட்டு, "இந்த வயசுலயா?" என்று கண்ணடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் கண்ணடித்ததைக் கோட்டான் பார்க்கவில்லை. அவர் அறையில் கோட்டான் இல்லை.

இரண்டாம் நாள் கண்ணீர்ச் சோதனை. கண் வறண்டவர்களுக்கு இந்த அறுவை ஆகாதாம். இமை ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் வைத்து, எவ்வளவு தூரம் நனைகிறது என்று ஸ்கேலால் அளந்தார்கள். அக்காவுக்குக் காகிதம் முழுக்க நனைந்து கன்னத்தில் சொட்டியது.

"பிரமாதம்! இப்படி ஒரு கண்ணீரை இந்த வருஷம் நான் பாக்கலை" என்றார் ஆலோசகி.

"அது நிறைய இருக்குங்க" என்றார் அக்கா.

மூன்றாம் நாள் எதிர்பார்ப்புச் சோதனை. அதிகம் எதிர்பார்க்கிறவர்களுக்கு அறுவை செய்ய மாட்டார்கள், பிறகு சண்டைக்கு வருவார்கள் என்று. குறைவாக எதிர்பார்க்கிறவர்களுக்கும் செய்ய மாட்டார்கள், நிலையத்தின் மதிப்பு என்ன ஆவது? பத்துக்கு ஆறிலிருந்து ஏழுக்குள் எதிர்பார்க்க வேண்டும்.

"இதுக்கப்புறம் உங்க வாழ்க்கையில என்ன மாறணும்னு எதிர்பாக்கறீங்க?"

"ஒண்ணும் மாறக் கூடாதுங்க. அதுக்காகத்தான் பண்ணிக்கறேன்."

பூஜ்யம் விழுந்தது. எதிர்பார்ப்பை வளர்ப்பதற்கென்று அக்காவைத் தனி அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, கடற்கரையில் சிரித்தபடி ஓடுகிற பெண்களின் படங்களைக் காட்டினார்கள். வெளியே வந்தபோது பத்துக்கு ஆறரை.

பரீட்சையில் அக்கா நூற்றுப் பதினான்குக்கு நூற்றுப் பதினொன்று. "ஏதாவது கேக்கணுமா?" என்று ஆலோசகி ஒரு வழக்கத்துக்குக் கேட்டார். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம். அக்கா கேட்டுவிட்டார்.

"வீட்டுல அவருக்கு ஞாபகம் போயிடுச்சுங்க. என்னை மட்டும்தான் தெரியுது. இதைப் பண்ணிக்கிட்டா அவருக்கு என்னை அடையாளம் தெரியுமா?"

ஆலோசகி புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் புரட்டினார். "இந்தக் கேள்வி பாடத்திட்டத்துலயே இல்லீங்களே" என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். பெரிய டாக்டர் கேள்வியைக் கேட்டு மலர்ந்துபோனார்.

"அம்மா, எங்க வேலையோட தரமே அங்கதான் இருக்கு! போன மாசம் ஒருத்தங்க வீட்டுக்குப் போனா, அவங்க வளத்த நாயே குரைச்சு வெரட்டிடுச்சு. அவ்வளவு இளமை!"

"நாய்க்கு மோப்பமாவது இருக்கும் சார். அவருக்கு அதுவும் இல்ல."

"கவலையே வேண்டாம். அடையாளத்துக்குன்னே படிவம் வெச்சிருக்கோம். அறுவைக்கு முன்னாடி, 'இவர் இன்னார்'னு சொந்தக்காரர் ஒருத்தர் பகுதி 'அ'வுல கையெழுத்துப் போடணும். முடிஞ்சப்புறம் அதே ஆள் வந்து, 'அவரே இவர்'னு பகுதி 'ஆ'வுல போடணும். கட்டின புருஷன்னா ரொம்ப விசேஷம்."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வேண்டாம் என்று இருந்தது. அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படிவம்தான் இருக்கேக்கா" என்றேன். படிவத்தை நம்பியே பிழைத்தவன் நான்.

அறுவை நாளன்று மாமாவையும் கூட்டிக்கொண்டு போனோம். முன்படம் எடுக்க ஒருவர் விளக்கோடு வந்தார். மாமா பொறுக்கவில்லை.

"லைட்ட ஏன் நேரா அடிக்கறீங்க தம்பி? பக்கத்துல வைங்க. அவளுக்குக் கூசும்."

"கண்ணை நல்லாத் திறங்க மேடம்" என்றார் படம் எடுப்பவர்.

"அவளுக்கு இவ்வளவுதான். இதுவே போதும்" என்றார் மாமா.

நர்ஸ் பகுதி 'அ'வை நீட்டி, "இவங்க யாருங்க?" என்று கேட்டார். மாமா சிரித்துவிட்டார். "இவளா? தூங்குமூஞ்சி. என் வீட்டுக்காரி." முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார். அவருடைய கை அதை மறக்கவே இல்லை.

கட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக அக்கா வீட்டில் இருந்த மூன்று வாரமும் எந்தக் குறையும் இல்லை. மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து, "கண்ணு வலிக்குதாடி?" என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாராம். "கல்யாணம் ஆன புதுசுலகூட இப்படி இருந்ததில்ல" என்று போனில் சொல்லிச் சிரித்தார் அக்கா.

இருபத்தோராம் நாள் பகுதி 'ஆ'. அறையில் பெரிய டாக்டர், ஆலோசகி, நான்கைந்து பயிற்சி டாக்டர்கள், பையைத் தூக்கிக்கொண்டு நான். அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அழகாகத்தான் இருந்தார். கண்கள் இரண்டும் பெரிதாக, பளிச்சென்று, பத்து வயது குறைந்து. எனக்கே ஒரு நொடி யார் இது என்று இருந்தது.

மாமா எழுந்து நின்றார். பெண்கள் முன்னால் தெரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டோமே என்கிற பதற்றம்.

"வாங்க, உக்காருங்க. என் வீட்டுக்காரி இங்கதான் இருந்தா. இப்ப வந்துடுவா" என்றார்.

"நான்தாங்க" என்றார் அக்கா.

மாமா காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் ஒரு கணம் தெளிந்தது. "குரல் அப்படியே அவ குரல். நீங்க அவளுக்குச் சொந்தமா?"

ஆலோசகி படிவத்தை நீட்டினார். "சார், அவங்கதான் இவங்க. இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

மாமா படிவத்தைப் படித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"மன்னிக்கணுங்க. முப்பத்தோரு வருஷம் அடையாள அட்டை வேலை பாத்தவன் நான். தெரியாதவங்களத் தெரியும்னு இன்னிக்கு வரைக்கும் எழுதினதில்ல. இந்தம்மா நல்லவங்களாத்தான் இருப்பாங்க. ஆனா எனக்குத் தெரியாது."

நிலையத்தில் குழப்பமாகிவிட்டது. பகுதி 'ஆ' இல்லாமல் கோப்பை மூட முடியாது. கோப்பின்படி உள்ளே போன நோயாளி இன்னும் வெளியே வரவில்லை. வெளியே நிற்கிற அம்மா யார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அரை மணி நேரம் கூடிப் பேசினார்கள். பிறகு பெரிய டாக்டர் வந்து, பகுதி 'ஆ'வின் குறுக்கே தன் கையாலேயே எழுதி முத்திரை வைத்தார்: "அடையாளம் தெரியாத அளவுக்கு வெற்றி."

பயிற்சி டாக்டர்கள் கைதட்டினார்கள். அக்காவின் படத்தை அடுத்த வருடக் காலண்டரில் போட அனுமதி கேட்டார்கள். மாமாவும், ஏதோ நல்ல காரியம் போலிருக்கிறது என்று, மரியாதைக்காகக் கைதட்டினார். அந்தக் கைதட்டலை என்னால் தாங்க முடியவில்லை. பையோடு வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றேன்.

வீட்டுக்குப் போனதும் அக்கா கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிப் பார்த்தார். "கண்ணு வலியா உங்களுக்கு? டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார் மாமா. 'உங்களுக்கு'தான். போனது போனதுதான். இமைகளைப் பழையபடி பாதிக்கு இறக்கிவைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தும் பார்த்தாராம். மாமா கவலையோடு பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்:

"தூக்கம் வருதுங்களா? கூச்சப்படாம உள்ள போய்ப் படுங்க. என் வீட்டுக்காரி கட்டில்தான். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

அக்கா போய்ப் படுத்தாராம். வேறு என்ன செய்வது?

அலுவலகத்தில் அக்காவுக்கு விழிப்பு நூற்றுக்கு நூறு. இயக்குநர் கூட்டம் போட்டு வில்லையைக் குத்திவிட்டார். "இருபத்தேழு வருஷமாத் தூங்கிட்டு இருந்தவங்கள நாம எழுப்பிட்டோம். இதுதான் நிர்வாகம்" என்றார். பதினொரு மணிக்கு அக்கா இல்லத்துக்கு ஓடினார். மாமா தட்டைத் தொடவில்லை.

"பசியில்லீங்க. அவ வரட்டும், சேந்து சாப்பிடறேன்."

இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் அக்கா தட்டோடு அவர் எதிரே உட்கார்ந்து, "உங்க வீட்டுக்காரம்மா சொல்லி அனுப்பினாங்க. அவங்க வர நேரமாகுமாம். உங்கள சாப்பிட்டுடச் சொன்னாங்க" என்றார்.

"சொன்னாளா? அப்ப சரிங்க" என்று மாமா உடனே சாப்பிட்டார்.

அதிலிருந்து அதுவே வழக்கமானது. மாத்திரையா, வீட்டுக்காரம்மா சொன்னாங்க. குளியலா, வீட்டுக்காரம்மா சொன்னாங்க. தன்னிடமிருந்து தானே சேதி கொண்டுவருகிற வேலையை அக்கா செய்தார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னார்: "ஒரு விதத்துல பொறாமையா இருக்குடா. அவ மேல அவருக்கு எவ்வளவு பிரியம் பாரு." நான் டப்பாவை மூடிவிட்டேன்.

நான்கு மாதம் கழித்துக் கோட்டான்களைக் கழற்றிவிட்டார்கள். தலைமையகம் இயக்குநர் அறையிலும் ஒன்றை மாட்டியதுதான் காரணம். ஒரே வாரத்தில் சுற்றறிக்கை வந்தது: "இக்கருவி துல்லியமானதன்று எனக் கண்டறியப்பட்டுள்ளது. இதனால் எவருக்கும் எவ்விதப் பாதிப்பும் இல்லை." அக்கா அதைப் படித்து, இரண்டாக மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் செருகினார். நான் என் வில்லையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை.

அந்த மாதம்தான் மாமா உயிர்வாழ் சான்று வாங்க வேண்டிய மாதம். இல்லத்துப் பணிப்பெண் கூட்டிவந்தார். டோக்கன் எடுத்தால் ஐந்தாவது கவுன்ட்டர் என்று விழுந்தது.

"இங்க அனுப்புக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன் ஓட்டை வழியாக.

"வேண்டாம். எனக்குத்தானே விழுந்திருக்கு" என்றார் அக்கா.

மாமா வந்து உட்கார்ந்தார். தலை படிய வாரியிருந்தார். காலையில் வாரிவிட்டது அக்காதான். பெயர், பிறந்த தேதி, பார்த்த வேலை என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததை மாமா சொன்னார். தெரியாததற்குப் பணிப்பெண் கொண்டுவந்த தாளைப் பார்த்துக்கொண்டார்கள். பத்துக் கேள்வி முடிந்தது.

"துணைவர் உயிருடன் உள்ளாரா?"

மாமா பதில் சொல்லவில்லை. அக்கா பேனாவைக் கீழே வைத்தார். பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. என் எதிரே இருந்தவர் இருமினார். நான் அவரைப் பொறுக்கச் சொன்னேன்.

"அதாங்க எனக்கும் தெரியல" என்றார் மாமா. "ரொம்ப நாளா அவ வரல. ஆனா தினமும் யார்கிட்டயாவது சொல்லி அனுப்பறா. சாப்பிடச் சொல்றா, மாத்திரை போடச் சொல்றா. உயிரோட இல்லாதவ சொல்லி அனுப்புவாளா? ஆனா உயிரோட இருந்தா என்னைப் பாக்க வராம இருப்பாளா? ரெண்டும் சரியாத்தான் படுது." கொஞ்சம் முன்னால் குனிந்தார். "நீங்க இந்த ஆபீஸ்ல இருக்கறவங்க. யார் இருக்காங்க, யார் இல்லன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே பாத்து எழுதிடுங்களேன்."

அக்கா பேனாவை எடுத்தார். பதினோராவது கேள்விக்கு எதிரே "ஆம்" என்று எழுதினார். இருபத்தேழு வருடத்தில் அவர் சொந்தக் கருத்தை எழுதியது அந்த ஒரே தடவைதான்.

"இருக்கான்னா எழுதினீங்க?"

"ஆமாங்க."

"நல்லா விசாரிச்சுட்டுத்தானே?"

"நல்லா விசாரிச்சுட்டேங்க."

மாமா அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எழுந்து நின்று நன்றி சொன்னார். "பாத்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன், காத்துக்கிட்டிருக்கேன்னு."

"சொல்றேங்க" என்றார் அக்கா.

மாமாவைப் பணிப்பெண் கூட்டிக்கொண்டு போனார். அக்கா அவர் போகிற வரைக்கும் பார்த்தார். பிறகு முத்திரை வைத்து, படிவத்தை ஓட்டை வழியாக என்னிடம் நீட்டினார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு படிவத்தை நான் முதல் வரியிலிருந்து படித்தேன். பதினோராவது வரிக்கு வந்ததும் தலையைத் தூக்கிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அக்காவின் பெரிய கண்கள் இரண்டும் நிரம்பியிருந்தன. பழைய இமையாக இருந்தால் கொஞ்சம் மறைத்திருக்கும்.

நான் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டேன்.